கிரைண்டர் உதிரிபாகம் மட்டும்

அருள்ராஜ் தன் இணையக் கடைக்குத் ‘தென்னங்காடி’ என்று பெயர் சூட்டியபோது, தென்னாட்டில் கிடைக்கும் எந்தப் பொருளும் அதில் கிடைக்காமல் போய்விடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தான். அப்பளம் இருந்தது, அப்பளத்திலேயே உளுந்தப்பளம், அரிசி அப்பளம், மிளகு அப்பளம் என்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. காப்பித்தூள், கோலமாவு, குத்துவிளக்கு, சுங்குடிச் சேலை, பஞ்சாங்கம், பனங்கற்கண்டு ஆகிய அனைத்துக்கும் படங்களும், படங்களின் கீழே பிழையற்ற விளக்கங்களும் இருந்தன. வாங்குவோர்தாம் இல்லை.

பக்கத்தின் அடியில், வந்துபோனவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் சிறு கருவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாள்தோறும் அது சிறிது சிறிதாக ஏறுவதைக் கண்டு அவன் சில வாரங்கள் மகிழ்ந்தான். எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத்தைத் திறப்பவன் தானே என்பதையும், திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தன்னையே எண்ணுகிறது என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொன்னவள், ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் ஸ்வப்னா.

“அப்பா, அது முழுக்க நீங்கதான். நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் நான்.”

அவன் வேலை பார்த்த மென்பொருள் நிறுவனம் முந்தைய ஆண்டின் இறுதியில் மூடப்பட்டிருந்தது. அந்த 2002ஆம் ஆண்டில் தில்லியில் அவ்வாறு வீட்டுக்கு வந்தவர்கள் பலர். ஆகவே அதைச் சொல்லிக்கொள்வதில் அவனுக்கு வெட்கம் இல்லை. வீடும் அவனுடையதன்று. மோதி பாக்கில் அவர்கள் குடியிருந்த அரசுக் குடியிருப்பு, லோதி ரோட்டில் ஓர் அமைச்சக அலுவலகத்தில் பணிபுரிந்த மனைவி கவிதாவின் பெயரில் ஒதுக்கப்பட்டது. அவளுடைய பணி தில்லியோடு தொடங்கித் தில்லியோடு முடிவது. இடமாற்றம் கேட்டாலும் கொடுக்க வேறு ஊர் கிடையாது.

அதுதான் சிக்கல். கவிதாவின் அண்ணன் வேணு கோயம்புத்தூரில் மோட்டார், பம்பு விற்கும் கடை வைத்திருந்தார். விஜயதசமியன்று இரண்டாவது கடையைத் திறக்கவிருந்தார். “ஒரு ஆள் வேணுமுங்க மாப்ளை. நம்பிக்கையான ஆள். நீங்க வந்து உக்காந்தீங்கன்னா எனக்கு நிம்மதி” என்று தொலைபேசியில் சொன்னார். உதவி செய்கிறேன் என்று சொல்லாமல் உதவி கேட்பதுபோலச் சொல்லும் நயம் அவரிடம் இருந்தது. அருள்ராஜும் நன்றியோடுதான் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதன் பொருள், அவன் அங்கும் மனைவியும் மகளும் இங்கும் என்பது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் குடும்பம் என்பது. ஆயுத பூஜைக்குள் தென்னங்காடி ஓடத் தொடங்கினால் போகவேண்டியதில்லை என்று கவிதாவும் அவனும் பேசிவைத்திருந்தார்கள். ஜூன் மாதம் முடியும் தறுவாயிலும் அது எழுந்து நிற்கக்கூட இல்லை.

ஒரு சனிக்கிழமை அவன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனான். அங்கே மளிகைக் கடை வைத்திருந்த கோபாலன், தில்லித் தமிழர்களில் பாதிப் பேரின் சமையலறையை அறிந்தவர். தன் இணையக் கடையில் இருக்கும் அதே காப்பித்தூள், அதே அப்பளம், விலையும் ஏறத்தாழ அதுவே. இருந்தும் மக்கள் ஏன் வெயிலில் பேருந்து பிடித்து இங்கே வருகிறார்கள் என்பதை அவரிடமே கேட்டுவிடுவது என்று அவன் தீர்மானித்திருந்தான்.

கோபாலன் பொட்டலத்துக்கு நூல் சுற்றியபடியே பதில் சொன்னார்.

“சார், நான் கறிவேப்பிலை சும்மா கொடுக்கறேன். உங்க கம்ப்யூட்டர்ல கொடுக்க முடியுமா?”

முடியாது என்பதை அருள்ராஜ் ஒப்புக்கொண்டான்.

“அப்புறம் இங்க வந்தா நாலு பேரைப் பாக்கலாம். யாருக்கு டிரான்ஸ்ஃபர், யார் பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க, எல்லாம் இந்தப் பலகைக்கு முன்னாடிதான். அப்பளம் ஒரு சாக்கு சார்.”

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பதை எட்டாத வயது, தோளில் துணிப்பை, பையிலிருந்து எடுத்து அவர் பலகையின்மேல் வைத்தது, வளைந்துபோன ஓர் இரும்புச் சட்டம். கிரைண்டரில் குழவிக்கற்களைப் பிடித்து நிறுத்தும் சட்டம் அது என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

“கோபாலன், இது மாதிரி ஒண்ணு வேணும்.”

“மாமி, இது நம்மகிட்ட வராது. ஊருக்குப் போறப்ப வாங்கிக்குங்க.”

“ஊருக்குப் போறது அடுத்த மே மாசம். அதுவரைக்கும் மாவை என்ன வாயால மென்னு துப்பட்டுமா?”

“கரோல் பாக்ல கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘பெஹன்ஜி, யே க்யா சீஸ் ஹை’ங்கறான். இது என்னன்னே அவனுக்குத் தெரியலை. தெரியாதவன்கிட்டக் கிடைக்குமா? எங்காத்துக்காரர் மிக்ஸியில அரைச்சுக்கோங்கறார். ஆடிட்ல இருக்கறவா எல்லாத்தையும் குறைக்கத்தான் சொல்லுவா.”

கோபாலன் சிரித்துவிட்டு அடுத்தவருக்குப் பருப்பு நிறுக்கத் தொடங்கினார். அந்த அம்மாளின் பெயர் ருக்கு என்பதும், தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்த கணவர் வெங்கடராமனுக்கு நாக்பூரிலிருந்து மாற்றலாகி, லோதி ரோட்டுக் குடியிருப்புக்கு அண்மையில்தான் வந்திருக்கிறார்கள் என்பதும் பேச்சில் வெளிப்பட்டன. அருள்ராஜ் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கோயம்புத்தூரில் வளர்ந்தவன். அவன் பள்ளிக்கு நடந்துபோன தெருவில் இத்தகைய சட்டங்களை இழைத்து அடுக்கும் பட்டறைகள் வரிசையாக இருந்தன.

“நான் வரவழைச்சுத் தரேன்ங்க” என்றான்.

“நீங்க யாரு?”

அவன் யார் என்பதைக் கோபாலனே சொன்னார். “கம்ப்யூட்டர்ல கடை வெச்சிருக்கார் மாமி. எல்லாம் இருக்கு. கறிவேப்பிலை மட்டும் கிடையாது.”

அன்று மாலையே அருள்ராஜ் வேணுவை அழைத்தான். அவர் முதலில் நெடுநேரம் சிரித்தார்.

“பெல்ட்டும் சட்டமும் விக்கறதுக்கா மாப்ளை எம்.சி.ஏ. படிச்சீங்க? செரி, மாடல் நம்பர் சொல்லுங்க. இங்க கிரைண்டர் பண்றவங்க தெருவுக்கு நாலு பேரு. பாக்க எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணோடது இன்னொண்ணுக்குச் சேராதுங்க.”

மாடல் எண்ணுக்காக அவன் லோதி ரோட்டுக்குப் போனான். ருக்கு மாமியின் சமையலறையில், குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தக் கிரைண்டர் நோயாளியைப்போல் துணி போர்த்தப்பட்டு நின்றது.

“எப்படீங்க வளைஞ்சுது?”

“லாரியில வரச்சே. டிரம் சும்மா காலியாப் போறதேன்னு தோசைக்கல், இடியாப்ப நாழி, அப்புறம் சின்னதா ஒரு இடிகல்லு, எல்லாத்தையும் அதுக்குள்ளேயே அடைச்சுட்டேன். காலி டிரம்மை நாக்பூர்லேர்ந்து தில்லிக்கு யார் அனுப்புவா?”

யாரும் அனுப்பமாட்டார்கள். காலிப் பாத்திரத்தைக் காலியாகவே அனுப்ப மனம் ஒப்பும் இல்லத்தரசியை அருள்ராஜ் அறிந்ததில்லை. வழியெல்லாம் இடிகல் உருண்டு சட்டத்தின்மேல் இடித்ததில் அது வளைந்திருந்தது. அவன், மாடல் எண் பொறித்த பெயர்த்தகடு எங்கே என்று கேட்டான்.

“இதோ, முன்னாடியே இருக்கே.”

மாமி சுட்டிய இடத்தில் ஒரு சிறு குன்று இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் தவறாமல் சாத்தப்பட்ட சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் மறு ஆண்டின் சந்தனம் என்று அடுக்கடுக்காகக் காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. அருள்ராஜ் நகத்தால் மெல்லச் சுரண்டினான்.

“ஐயையோ, சுரண்டறேளே! ஆயுத பூஜைக்கு வெச்சதாக்கும் அது.”

“நம்பர் தெரியணுமுங்க.”

“சரி, பெருமாள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சுரண்டுங்கோ.”

அவன் சொல்லிவிட்டே சுரண்டினான். சந்தனம் பெயர்ந்தது, அதனோடு தகட்டின் எழுத்துகளும் பெயர்ந்தன. எஞ்சியது, ‘7’ ஆகவும் இருக்கலாம், ‘1’ ஆகவும் இருக்கலாம் என்னும்படியான ஒரு கோடு மட்டுமே. வேறு வழியின்றி, ஏறத்தாழ ஒத்திருந்த ஒரு சட்டத்தை வேணுவிடமிருந்து வரவழைத்துக் கொடுத்தான். அது சேரவில்லை. மாமி அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கோபித்துக்கொள்ளவில்லை. “பரவாயில்லை, வாங்கின அன்னிக்கே சரியா அமையறதுக்கு இதென்ன மாப்பிள்ளையா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பொறுமைக்காக அவன் பின்னாளில் அவரை அடிக்கடி நினைத்துக்கொண்டான். அன்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தவன் நேரே தங்கள் கிரைண்டரைப் பார்த்தான். அதன் தகட்டின் மேலும் ஒரு குன்று. மேல்மாடியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர் வீட்டிலும், எதிர்வீட்டில் தஞ்சாவூர்க்காரர் வீட்டிலும் சாக்குச் சொல்லி எட்டிப் பார்த்தான். மாவட்டங்கள் வேறு, பேச்சு வேறு, சாம்பார் வேறு. சந்தனம் ஒன்றே. இயந்திரத்தின் நெற்றி எது என்பதில் தமிழர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை, பெயர்த்தகடுதான் நெற்றி.

“ஏன் யாருக்கும் கடையில கிடைக்கலேன்னு இப்பத் தெரியுது கவிதா. நம்பர் இல்லாம எவன்கிட்டக் கேட்டாலும் தப்பாத்தான் வரும்.”

கவிதா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

“அப்ப நம்பர் இல்லாமக் கண்டுபுடிக்கறதுக்கு ஒரு வழி பண்ணுங்க.”

அதற்கு அவனுக்குச் சில மாலைப்பொழுதுகள் பிடித்தன. வேணுவின் கடைப்பையனைத் தொலைபேசியில் வாட்டியெடுத்து, பட்டறைக்குப் பட்டறை எது மாறுகிறது, எது மாறுவதில்லை என்று கேட்டு வாங்கினான். கடைசியில் மூன்று கேள்விகள் தேறின. கல் ஒன்றா, இரண்டா, மூன்றா? பாத்திரம் சாயுமா, தூக்கியெடுக்க வேண்டுமா? பெல்ட்டின் உட்புறம் வழவழப்பா, பள்ளம் பள்ளமாகவா? இவற்றோடு, உடைந்த பாகத்தைக் காகிதத்தின்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிவரைந்து தபாலில் அனுப்பினால் போதும். பிறந்த பட்டறையைச் சொல்லிவிடலாம். ருக்கு மாமியின் சட்டத்தை அவ்வாறே வரைந்து அனுப்பினான். இரண்டாவது முறை வந்தது கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் காலை வெங்கடராமன் தம் அலுவலக மிதிவண்டிப் பயணத்தின் நடுவே, கவிதாவின் அலுவலக வாசலில் ஒரு டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இட்லி. குறிப்பு எதுவும் இல்லை. தணிக்கைத் துறையினர் ஆட்சேபம் இருந்தால்தான் எழுதுவார்கள்.

அருள்ராஜ் ஊக்கம் பெற்றுத் தென்னங்காடியில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தான். ‘கிரைண்டர் உதிரிபாகங்கள்’ என்னும் அப்பிரிவு, பூஜைப் பொருள்களுக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் அமைந்தது. அதைக் கவிதாவிடம் காட்டினான். அவள் சுட்டியை நகர்த்தி நகர்த்தி, அப்பளங்களைக் கடந்து, சேலைகளைக் கடந்து, அங்கு போய்ச் சேர்வதற்குள் தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டது. மோடம் மறுபடியும் கீச்சிட்டு இணைந்தது.

“ஏனுங்க, எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல்ல ரெண்டு சப்ஜெக்ட் இருந்தா என்ன ஆகும் தெரியுமுங்களா?”

“என்ன ஆகும்?”

“ரெண்டுக்கும் முடிவு வராது. அதிகாரி ஒண்ணப் படிப்பாரு, இன்னொண்ணுக்காக ஃபைலைத் திருப்பி அனுப்பிருவாரு. அதனாலதான் ஒரு ஃபைலுக்கு ஒரு சப்ஜெக்ட்டுன்னு வெச்சிருக்காங்க. உங்க கடையில இருக்கற சப்ஜெக்ட்டுக்கு ஒரு மினிஸ்ட்ரியே வேணுமுங்க.”

“அதுக்காக எல்லாத்தையும் எடுத்தர்றதா?”

“எடுத்துருங்க.”

“அப்பளத்தையுமா?”

“அப்பளத்த முதல்ல எடுங்க.”

அவன் எடுத்தான். அரிசி அப்பளத்துக்கு எழுதிய விளக்கத்தை அழிக்கும்போது மட்டும் விரல் சற்றுத் தயங்கியது. அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்று அவன் பெருமைப்பட்டிருந்தான். ஜூலை மூன்றாம் வாரத்தில் தென்னங்காடி ஒரே பக்கமாக நின்றது. மேலே, ‘கிரைண்டர் உதிரிபாகம் மட்டும்’ என்னும் வரி. அதன் கீழே மூன்று கேள்விகள். அதன் கீழே, வரைந்து அனுப்பவேண்டிய முகவரி. பணத்தைத் தபால்காரரிடம் கொடுத்துப் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்னும் குறிப்பு. வேறொன்றும் இல்லை. வந்தவர்களை எண்ணும் கருவியையும் ஸ்வப்னா நீக்கிவிட்டாள்; அது தன் அப்பாவைக் கெடுக்கிறது என்பது அவள் கருத்து.

காலமும் அவன் அறியாமலே அவனுக்குத் துணைநின்றது. அரசு ஊழியர்களுக்கு மாற்றல் பிள்ளைகளின் தேர்வு முடிந்தபின் வரும். மே, ஜூனில் சாமான் லாரியில் ஏறும். ஜூலையில் அட்டைப் பெட்டிகள் பிரிக்கப்படும், புது வீட்டில் முதன்முதலாக அரிசி ஊறவைக்கப்படும், கிரைண்டரின் பொத்தான் அழுத்தப்படும், அப்போதுதான் தெரியும். பிலாயில் உருக்காலைக் குடியிருப்பிலிருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. பின்பு ஜான்சியில் ராணுவக் குடியிருப்பிலிருந்து ஒன்று. “டிரம்முக்குள் அம்மிக் குழவியை வைத்து அனுப்பினோம்” என்று ஒருவர் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். “இட்லித் தட்டுகளும் இரும்புச் சட்டியும்” என்றார் இன்னொருவர். மாடல் எண் என்ன என்று யாரும் எழுதவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலும் கோபாலன், ‘ஊருக்குப் போறப்ப வாங்கிக்குங்க’ என்னும் தம் பழைய பதிலை நிறுத்திவிட்டு, அருள்ராஜின் முகவரியைச் சொல்லி அனுப்பத் தொடங்கியிருந்தார். அதற்கு ஏதேனும் தரவேண்டும் என்று அவன் பேச்செடுத்தபோது, அவர் கையை உதறினார்.

“வேணாம் சார். இத்தனை வருஷமா ‘இல்லை, இல்லை’ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே வாய் புளிச்சுப் போச்சு. இப்ப ‘இருக்கு, அங்க போங்க’ன்னு சொல்றேன். அது நல்லாத்தான் இருக்கு.”

இருந்தும் ஆகஸ்டில் அவன் ரயில் டிக்கெட் எடுத்தான். வியாபாரம் தொடங்கியிருந்தது; ஆனால் இதை நம்பி ஒரு மச்சானிடம் கொடுத்த சொல்லை மாற்றலாமா என்பது விளங்கவில்லை. கேட்பவர்கள் கூடக்கூட வேணுவின் எரிச்சலும் கூடியது. வரைபடத்துக்கும் வந்த பாகத்துக்கும் நூலிழை வேறுபாடு இருந்தாலும் அருள்ராஜ் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். “மாப்ளை, நான் பம்பு விக்கறவனுங்க. உங்க பென்சில் கோட்டையும் வெச்சுக்கிட்டுத் தெருத்தெருவா என்னால அலைய முடியாது. நீங்க வந்து கடையில உக்காருங்க, அப்புறம் உங்க ஆசைக்கு அளந்து பாத்துக்கலாம்” என்று ஒருநாள் கடுமையாகவே சொல்லிவிட்டார். அதில் தவறு இருப்பதாக அருள்ராஜுக்குத் தோன்றவில்லை. கவிதா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். நாளும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று சரிபார்த்தாள். நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தாள். அன்று இரவு உணவில் அவள் உப்புப் போட மறந்திருந்ததை இருவரும் குறிப்பிடவில்லை.

நவராத்திரி தொடங்கியபோது வேணுவே தில்லிக்கு வந்தார். பம்பு நிறுவனம் ஒன்று தன் விற்பனையாளர்களைக் கூட்டியிருந்தது. கூட்டத்தை முடித்துக்கொண்டு, மாப்பிள்ளையையும் கையோடு அழைத்துக்கொண்டு திரும்புவது அவர் எண்ணம். பெட்டி கட்டப்பட்டிருந்தது. புறப்படவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, அவர் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஸ்வப்னா கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன கண்ணு பண்ற?”

“மெயில் மாமா. அப்பா தமிழ்ல சொல்லுவாரு, நான் இங்கிலீஷ்ல டைப் பண்ணுவேன். ஜல்தி பண்ணணும், ஆயுத பூஜைக்கு முன்னாடி எல்லாருக்கும் கிரைண்டர் ஓடணுமாம். ஓடாத கிரைண்டருக்குப் பூஜை பண்ணக் கூடாதுன்னு ஒரு ஆண்ட்டி எழுதியிருக்காங்க. அப்படியா மாமா?”

வேணு எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். திரை நிறைய அஞ்சல்கள். போபால், ராஞ்சி, குவாஹாட்டி. மேசையின்மேல் அடுக்கடுக்காகத் தபாலில் வந்த காகிதங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் சுற்றிவரைந்த ஒரு சட்டம், ஒரு வளையம், ஒரு பல்சக்கரம். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். தெருத்தெருவாக அலைய முடியாது என்று சொன்ன மனிதர், நின்றபடியே அவற்றைப் பட்டறை வாரியாகப் பிரிக்கத் தொடங்கியதை அருள்ராஜ் வாசற்படியிலிருந்து பார்த்தான்.

அழைப்புமணி அடித்தது. ருக்கு மாமி கொலுவுக்கு அழைக்க வந்திருந்தார். கட்டியிருந்த பெட்டி அவர் கண்ணில் பட்டது.

“யாருக்குப் பயணம்?”

“அவருக்குத்தாங்க” என்றாள் கவிதா. “அண்ணன்கூடக் கோயமுத்தூர் போறாரு. அங்க கடையைப் பாத்துக்கறதுக்கு.”

“லீவுலயா?”

“இல்லீங்க. அங்கியேதான்.”

மாமி குங்குமச் சிமிழை மேசைமேல் வைத்துவிட்டு வேணுவின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் அண்ணாவா? உங்க ஊர்ல கிரைண்டர் பண்றவா ஆயிரம் பேர் இருப்பா. உடைஞ்சா கேக்கறதுக்கு எங்களுக்கு இங்க இவர் ஒருத்தர்தான். இவரையும் அழைச்சிண்டு போயிட்டேள்னா, வடக்க இருக்கற நாங்கள்லாம் ஆயுசுக்கும் ரவா இட்லிதான் சாப்பிடணுமா?”

“அதில்லீங்கம்மா, கடைக்கு ஒரு ஆள்...”

“கடைக்கு ஆள் உங்க ஊர்ல கிடைக்கமாட்டாளா? எங்க ஊர்ல கிடைக்கலை. அதான் சொல்றேன். சாயங்காலம் சுண்டலுக்கு வந்துடுங்கோ, நீங்களும்தான்.”

அவர் போய்விட்டார். வேணு கையிலிருந்த காகிதங்களைத் தட்டிச் சீராக்கினார்.

“மாப்ளை, இதுல பாதிப் பாகம் நம்ம புதுக்கடைக்குப் பின்னாடித் தெருவுலயே அடிக்கறாங்க.”

“தெரியுமுங்க மச்சான்.”

“தெரிஞ்சுமா என்னையப் போன்லயே அலைய வெச்சீங்க?” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் ஒரு ஆள் வேணும்னுதானே கேட்டேன். எங்க உக்காரணும்னா சொன்னேன்? புதுக்கடையில ஒரு பக்கத்த இதுக்கு விட்டர்றேன். எடுத்து, அளந்து, கட்டி அனுப்பறதுக்கு அங்க பையனைப் போட்டுக்கறேன். எவனுக்கு எது வேணும்னு சொல்றதுக்கு நீங்க இங்கியே இருங்க. அங்க வந்து உக்காந்தீங்கன்னா இந்த அம்மா மாதிரி ஆளுங்க யார்கிட்ட வந்து கத்துவாங்க?”

அருள்ராஜ் நாள்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்த டிக்கெட்டை உருவி எடுத்தான்.

“அண்ணா, இன்னொரு காப்பி தரட்டுங்களா?” என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கவிதா சமையலறைக்குள் போனாள். நெடுநேரம் காப்பி வரவில்லை. யாரும் போய் ஏன் என்று கேட்கவில்லை.

பிற்பகலில் அவன் சரோஜினி நகருக்கு நடந்துபோய், முன்பதிவு அலுவலகத்தில் டிக்கெட்டை ரத்து செய்தான். திரும்பி வரும் வழியில் அவன் மனத்தில், நன்றி சொல்லப்பட வேண்டியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றார்கள். அப்பளத்துக்குப் பத்து வரி எழுதியவனுக்கு, இவர்களுக்கு இரண்டு வரி எழுத வரவில்லை. இரவு நெடிது யோசித்து, தென்னங்காடியின் அடியில், எண்ணும் கருவி இருந்த இடத்தில், ஒரு வரி மட்டும் சேர்த்தான்: ‘கறிவேப்பிலை வேண்டுவோர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கோபாலன் கடைக்குச் செல்க, விலையின்றித் தருவார்.’ ஒரு கடைக்கு ஒரு பொருள் என்னும் விதியை அது மீறுகிறதா என்று கவிதாவிடம் கேட்டான். கோபாலன் வேறு துறை, அதனால் மீறவில்லை என்று அவள் தீர்ப்பளித்தாள்.

இன்னொரு வரியையும் அவன் வாடிக்கையாளர் அனைவருக்கும் அனுப்பினான். ஆயுத பூஜையன்று கிரைண்டரின் சந்தனத்தையும் குங்குமத்தையும் மூடியின்மேல் வைக்குமாறும், பெயர்த்தகட்டை அருள்கூர்ந்து விட்டுவைக்குமாறும் அதில் கேட்டுக்கொண்டிருந்தான். ருக்கு மாமியிடமிருந்து மட்டும் பதில் வந்தது. கணவரைத் தட்டச்சு செய்யச் சொல்லியிருக்க வேண்டும். ‘மூடி மேல் வைப்போம். ஆட்சேபம் இல்லை.’

ஆயுத பூஜையன்று காலை கவிதா கத்தி, அரிவாள்மனை, தையல் இயந்திரம், ஸ்வப்னாவின் வடிவியல் பெட்டி என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தாள். கணினிக்கு வைத்தாள். கிரைண்டரின் முன் வந்ததும், கணவனின் ஆணையை மதித்து, மூடியின் நடுவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள். அருள்ராஜ் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, குனிந்து, பெயர்த்தகட்டின் மேலிருந்த பழைய குன்றின் உச்சியில், புதிதாக ஒரு பொட்டு வைத்தான்.

“ஏனுங்க, ஊருக்கெல்லாம் வெக்காதீங்கன்னு சொல்லிப்போட்டு?”

“அதுக்கடியில எந்தப் பட்டறையோட நம்பர்னு எனக்குத் தெரியும் கவிதா. நம்ம சட்டத்தையும் வரைஞ்சு பாத்துட்டேன்” என்றான் அவன், பிறகு குங்குமத்தையும் எடுத்தான்.